கேட்காமல் வந்த பதினான்கு தட்டு

12 ஆகஸ்ட் 1997, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் தாய்லாந்துக் கதையை அவிழ்த்துவிட்டேன். ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் எங்கள் கிடங்கு முழுவதும் வாயைப் பிளந்தது. தாய்லாந்துக் கடற்கரையில் ஒரு கோப்பிக்கடை. அங்கே எனக்கென்று தனி நாற்காலி. நான் ஊர் திரும்பிய பிறகும் அதில் ஒருவரையும் உட்காரவிடவில்லை. இதுதான் கதை. போன வருடம் சொன்னபோது அது வெறும் முக்காலி. இந்த வருடம் கைப்பிடி வந்துவிட்டது. கதை என்றால் வளர வேண்டாமா?

கிடங்கு வாயைப் பிளந்தது என்றால், குலசிங்கம் பிளந்தார். மற்றவர்கள் ரக்பி பேசிக்கொண்டிருந்தார்கள்.

குலசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர். நான் ஃபோர்க்லிஃப்டில் இறக்குவதை அவர் சரிபார்த்து எழுதுவார். ஐந்து வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

"உண்மையோ மூர்த்தியண்ணை?" என்றார்.

"பொய் சொல்ல எனக்கென்ன குலம், சம்பளமா குடுக்குறாங்க?"

மலேசியாவில், சுங்கைப்பட்டாணித் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என்னை அனுப்பிவிட்டார்கள். இனிமேல் இவனுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று தலைமையாசிரியரே கண்கலங்கினார். அப்படித்தான் ஞாபகம்.

13 ஆகஸ்ட்

மழை. முட்டிவலி. நாற்காலிக்கு மெத்தையும் போட்டாயிற்று.

5 செப்டம்பர், வெள்ளி

அக்டோபரோடு கிடங்கை மூடுகிறார்கள். முதலாளிக்கு ஆஸ்திரேலியா பிடித்துவிட்டதாம். கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்புவார்கள்.

குலம் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும்தான். அவர் அம்மா இறந்த வருடத்திலிருந்து, இருபத்தாறு வருடமாக ஒரு வெள்ளியும் தவறியதில்லை. தயிர்ச்சோற்றைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"அண்ணை, எனக்கு நாப்பத்தெட்டு வயசு. இனி ஆரும் வேலை தரமாட்டினம். தாற காசில டவுனுக்குள்ள ஒரு சின்னக் கோப்பிக்கடை போடப்போறன். எல்லாரும் போடுற மாதிரி இல்லை. நீங்கள் சொல்லுற அந்தக் கடற்கரைக் கடையள் மாதிரி. ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்?

"போலாம் குலம். அங்க என் பேரச் சொன்னா போதும்லா."

வாயும் எனக்குத்தான் இருக்கிறது, காலும் எனக்குத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் மேலே ஏதோ ஒன்றை வைக்கச் சாமி மறந்துவிட்டார்.

7 செப்டம்பர், ஞாயிறு

என் மனைவி ரோஸ்மேரி சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டாள். இராசமலர், அதாவது குலத்தின் வீட்டுக்காரி, போன் போட்டிருக்கிறாள்.

"என்னாங்க, நீங்க எப்ப தாய்லாந்து போனீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எங்க பக்கத்து வீட்டுலதான இருந்தீங்க?"

பக்கத்து வீட்டில் பெண் கட்டக்கூடாது. மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

8 செப்டம்பர்

இந்த நாட்குறிப்பை யாரோ படித்திருக்கிறார்கள். 'மெத்தை' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

20 செப்டம்பர், சனி

தாய்லாந்துக் காசின் மதிப்பு விழுந்துவிட்டது. டிக்கெட் மலிவு. முட்டிவலி என்றேன், குலம் தைலம் கொண்டுவந்தார். பாஸ்போர்ட் காலாவதி என்றேன், ஃபாரம் வாங்கி வந்து நிரப்பியும் கொடுத்தார். இந்த மனிதரிடம் கொஞ்சம் கெட்ட குணம் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

மகள் ஷாரோனின் கார்டில் டவுன் லைப்ரரியில் ஒரு பயணப் புத்தகம் எடுத்தேன். புகெட்டுக்கு நாற்பது பக்கம். அது ஆகாது, போனவர் வந்தவர் எல்லாம் கேள்வி கேட்பார்கள். ட்ராங் என்று மேற்குக் கரையில் ஒரு ஊர். ஒன்றரைப் பக்கம். கோப்பிக்கடைகளுக்குப் பேர்போனது என்று ஒரு வரி. ட்ராங்தான் என் ஊர் என்று முடிவு செய்தேன்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாட், ஜஸ்ட் டெல் ஹிம்."

"என்னத்த?"

"யூ நோ வாட்."

இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் சிக்கல் புரியாது.

13 நவம்பர், வியாழன். ட்ராங்

கோலாலம்பூர், பினாங்கு, எல்லை, ஹாட்யாய், ட்ராங். வேன்காரன் எங்களை வெங்காய மூட்டை மாதிரி இறக்கினான். வழியெல்லாம் ரப்பர் மரத்தைக் காட்டி "இது ரப்பர்" என்று குலத்துக்கு விளக்கினேன். அந்த அளவில் நான் நிபுணன்தான்.

நாளைக் காலை ஆறு மணிக்கு என் பழைய கடை. எந்தக் கடை என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆவல்.

14 நவம்பர், வெள்ளி

எப்படி எழுதுவது?

மூலையில் இருந்த கடை. மார்பிள் மேசை. கல்லாவில் ஒரு சீனக் கிழவி. நாங்கள் உட்கார்ந்தோம், கோப்பி என்றேன். கோப்பி வருவதற்கு முன்னால் தட்டுகள் வந்தன. கேட்கவேயில்லை. இறால் கொழுக்கட்டை, பொரித்த ரொட்டிக்குச்சி, வாழையிலைப் பொட்டலத்தில் பசையரிசி, தேன் தடவிச் சுட்ட பன்றி இறைச்சி. மேசையில் இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று. பதினான்கு.

எனக்கே ஒரு கணம் புல்லரித்துவிட்டது. ஒருவேளை நான் வந்திருக்கிறேனோ?

"பாத்தியா குலம்? அடையாளம் கண்டுகிட்டாங்க."

குலத்தின் கண் நனைந்துவிட்டது, சத்தியமாக. "இண்டைக்கு வெள்ளி அண்ணை" என்றார் மெதுவாக.

"வச்சதத் தொடாம எந்திரிச்சா அந்தம்மா மனசு என்னா பாடுபடும்? என் மரியாத என்னாவுறது? தட்டுக்கு ஒரு வாயாச்சும் தொட்டுரு."

குலம், இறந்துபோன தன் அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தொட்டார். பதினான்கு தட்டிலும். பன்றி இறைச்சியை மாத்திரை விழுங்குவது போல விழுங்கினார்.

அப்போது பக்கத்து மேசைக்காரன் எழுந்தான். அவன் மேசையிலும் பதினான்கு தட்டு. இரண்டைத்தான் தொட்டிருந்தான். கிழவி வந்தாள், தொட்ட இரண்டுக்குக் காசு வாங்கினாள், தொடாத பன்னிரண்டையும் தூக்கிக் கொண்டுபோய் அடுத்து வந்தவன் முன்னால் வைத்தாள். அடுத்து எங்களிடம் வந்தாள். எங்கள் தட்டுகளைப் பார்த்தாள். பதினான்கும் கடிபட்டிருந்தன. கிழவிக்கு அன்று நல்ல வியாபாரம்.

கேட்காமல் வைப்பார்கள், தொட்டதற்குத்தான் விலை. அந்த ஊரில் நண்டுக்குக்கூடத் தெரிந்த வழக்கம்.

குலம் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நீங்கள் இஞ்ச ஒருநாளும் வந்ததில்லை, என்ன?"

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன்.

சொல்லிவிட்டேன். 1969. வெங்காய லோரியில் கிளீனர். ஹாட்யாய் வரைக்கும். இரண்டு நாள் மழையில் தார்ப்பாயின் அடியில். டிரைவர் ஒரு டின்பால் டப்பாவில் கயிறு கட்டி ஒரு கோப்பி வாங்கி மேலே நீட்டினான். அதைக் குடித்தேன். அவ்வளவுதான் தாய்லாந்து. கடலையே பார்க்கவில்லை.

"நல்லது, மிஸ்டர் மூர்த்தி" என்றார்.

ஐந்து வருடமாக அண்ணை. இன்று மிஸ்டர்.

15 நவம்பர்

அவர் ஒரு மேசை, நான் ஒரு மேசை. ஹோட்டல்காரி எங்களுக்குள் சொத்துத் தகராறு என்று நினைக்கிறாள்.

16 நவம்பர், ஞாயிறு

திரும்பிப்போக ஐந்து நாள் இருக்கிறது. அவர் தனியாக ஊர் சுற்றுகிறார். சரி, வந்ததற்கு நானும் பார்க்கிறேன் என்று கந்தாங் என்கிற துறைமுக ஊருக்குப் பஸ் ஏறினேன். மஞ்சள் பூசிய ரயில் நிலையம், அதற்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கடை. தடித்த விளிம்புக் கோப்பை. அடியில் இரண்டு விரல் டின்பால், மேலே தார் மாதிரி கோப்பி. கலக்காமல் குடிப்பவன் ஊர்க்காரன், கலக்கிக் குடிப்பவன் வெளியூரான். நான் கலக்கினேன். கோப்பி முடிந்ததும் ஒரு குவளை வெறும் தேயிலைத் தண்ணீர், இலவசம். உட்கார்ந்திருக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், எழுந்துபோ என்று சொல்ல மாட்டார்கள்.

இதை நான் கற்பனை செய்திருக்கவே முடியாது. என் கதைகளில் எல்லாரும் என்னைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே யாரும் யாரையும் கவனிக்கவில்லை. அதுதான் சுகமாக இருந்தது.

17 நவம்பர்

பாக்மெங் கடற்கரை. சவுக்கு மரத்தடியில் முக்காடு போட்ட ஒரு பெண் கோப்பி விற்கிறாள். மலாய் பேசினேன், பாதி புரிந்தது அவளுக்கு. கடல் வற்றி அரை மைல் உள்ளே போயிருந்தது. நான் முதல் தடவை பார்க்க வருகிறேன், அது விலகிப் போகிறது. நியாயம்தான்.

18 நவம்பர்

கிழவியின் கடைக்கே திரும்பிப் போனேன். எனக்குச் சீனர்கள் பேசும் சந்தை ஹொக்கியன் வரும், சுங்கைப்பட்டாணியில் மீன் வாங்கி வாங்கி வந்தது. இது மட்டும் கலப்படமில்லாத உண்மை. "கோப்பி எப்படிப் போடுறதுன்னு காட்டு ஆத்தா" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அழுக்குக் கோப்பைகளைக் காட்டினாள்.

கழுவினேன்.

20 நவம்பர்

மூன்று நாளாகக் கழுவுகிறேன். பதிலுக்கு அவள் காட்டியது: கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டுக் கறுக்க வறுக்க வேண்டும். காலுறை மாதிரித் தொங்கும் துணிப்பையில் தூள். கொதிநீரை ஒரு பானையிலிருந்து மற்றொன்றுக்கு உயரத்தூக்கி ஊற்ற வேண்டும். முதல் தடவை என் காலில் ஊற்றினேன். கிழவி சிரித்த சிரிப்பில் ஒரு பல் செட் கழன்றது. (இல்லை. கழலவில்லை. ஆனால் ஆடியது.)

கிளம்பும்போது ஐந்து கிலோ தூளும் ஒரு துணிப்பையும் கையில் திணித்தாள். நான் கேட்கவில்லை. தொடலாமா வேண்டாமா என்று நின்றேன். முதுகில் ஒன்று வைத்தாள், வாங்கிக்கொண்டேன்.

22 நவம்பர், விமானத்தில்

"மிஸ்டர் மூர்த்தி, நான் இத்தாலி மெசின்தான் வாங்கப்போறன். எல்லாரும் போடுற மாதிரியே போடுறன். அதில பிழை வராது."

அப்புறம் ஆக்லாந்து வரை தூங்குவது போல நடித்தார். நானும் நடித்தேன். நடிப்பில் என்னை ஜெயிக்க முடியாது, குறட்டை கூட விட்டேன்.

25 டிசம்பர்

ரோஸ்மேரி இரண்டு கேக் சுட்டு, ஒன்றை குலம் வீட்டுக்குக் கொண்டுபோனாள். இராசமலர் வாங்கிக்கொண்டு முறுக்கு கொடுத்தாளாம். "அவர் கேட்டாரா?" என்றேன். "யாரு, எவரு?" என்றாள். வேண்டுமென்றே.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. போன இடத்தில் எல்லாம் அனுபவம் கேட்கிறார்கள். இருப்பதை மட்டும் சொல்கிறேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

2 பிப்ரவரி 1998, திங்கள்

குலத்தின் கடைத் திறப்பு. டவுனுக்குள் ஒரு சந்தில். அச்சடித்த அழைப்பு வந்தது: திரு. சுந்தரமூர்த்தி குடும்பத்தார். ரோஸ்மேரியும் ஷாரோனும் உள்ளே போனார்கள். நான் காரில் இருந்து பார்க்கிங் மீட்டரைக் காவல் காத்தேன். மெசின் குளிர்பெட்டி அளவுக்கு இருக்கிறதாம், வெள்ளியில் மின்னுகிறதாம். அவருடைய தொகை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது என்றாள் ரோஸ்மேரி.

20 பிப்ரவரி, வெள்ளி

டவுனில் கரண்ட் இல்லை. நகர மையத்துக்கு நிலத்தடியில் வருகிற நான்கு பெரிய மின்கம்பிகளும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. வெயில் வேறு. லிஃப்ட் நின்று, ஆபீஸ் எல்லாம் மூடி, ஜனம் வீட்டுக்குப் போகிறது. ரேடியோவில் நாளைக்குச் சரியாகிவிடும் என்கிறான். இவன் என் ஜாதி.

22 பிப்ரவரி

சரியாகவில்லை. வாரக்கணக்கில் ஆகுமாம்.

23 பிப்ரவரி, திங்கள்

ஷாரோன் யூனிவர்சிட்டியிலிருந்து கடைப்பக்கம் போய்விட்டு வந்தாள். "ஹீ இஸ் ஜஸ்ட் சிட்டிங் தேர், டாட். ஸ்டேரிங் அட் த மெஷின்." திறந்து மூன்று வாரம். வாடகை நிற்காது, மெசின் ஓடாது.

"என்னாங்க, எங்க போறீங்க? அது என் மீன் பொரிக்கிற அடுப்பு!"

கராஜில் இருக்கிற கேஸ் அடுப்பு, சிலிண்டர், இரண்டு பானை, துணிப்பை, கிழவியின் தூள். மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டிலிருந்து டவுன்வரை சிக்னல் இல்லாத தெருக்களில் நான் ஓட்டிய வேகத்தை — சரி, மெதுவாகத்தான் ஓட்டினேன். சிலிண்டர் உருண்டது.

குலம் மெசினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், செத்த வீட்டில் உட்காருவது போல.

"என்ன வேணும் மிஸ்டர் மூர்த்தி?"

"ஒண்ணும் வேணாம். அடுப்ப எங்க வைக்கலாம்?"

"உங்கட கதை கேக்க எனக்கு இப்ப ஏலாது."

"கதை கொண்டு வரலலா குலம். கேஸ் கொண்டு வந்திருக்கேன்."

அவர் கதவோரமாக இருந்த மேசையைக் காலால் நகர்த்தினார். அங்கே வைத்தேன்.

உயரத்தூக்கி ஊற்றினேன். காலில் விழவில்லை. வாசம் சந்து முழுவதும் போயிற்று. முதலில் வந்தவர்கள் கம்பி தோண்டுகிற ஆட்கள், தலையில் தொப்பி, முகமெல்லாம் மண். ஒருவன் தேயிலைத் தண்ணீரைப் பார்த்து இது எதற்கு என்றான். "ஃப்ரீ" என்றேன். "வாட்ஸ் த கேட்ச்?" என்றான். "நோ கேட்ச். சிட்" என்றேன். உட்கார்ந்தான். மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டான்.

24 பிப்ரவரி

இருட்டுக்குள் இருக்கும் ஆக்லாந்து முழுவதற்கும் என் அடுப்பு ஒன்றுதான். சரி, அடுத்த தெருவில் ஒரு சீனனும் வைத்திருக்கிறான். ஆனால் அது நூடுல்ஸ்.

குலம் பால் டின் உடைக்கிறார், கோப்பை கழுவுகிறார். நான் கழுவப் போனால் தடுக்கிறார். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. "மிஸ்டர் மூர்த்தி, சீனி." "மிஸ்டர் மூர்த்தி, ரெண்டு கறுப்பு."

10 மார்ச், செவ்வாய்

கிழவியின் தூள் நேற்றோடு தீர்ந்தது. இன்று கராஜில் நானே வறுத்தேன். சர்க்கரை, வெண்ணெய், பெரிய சட்டி. ட்ராங்கில் பின்கட்டு திறந்தவெளி. மவுண்ட் ரோஸ்கில்லில் கராஜ். புகை எங்கள் வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டைத் தாண்டி, பள்ளிவாசல் தெருவரைக்கும் போனது. தீயணைப்பு வண்டி வந்தது. நான்கு வீரர்கள், ஒரு குழாய். ரோஸ்மேரி வாசலில் நின்று "இவர்தான், எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

நாலு பேருக்கும் கோப்பி போட்டுக் கொடுத்தேன். ஒருவர் இன்னொன்று கேட்டார்.

கடையில் இதைச் சொன்னேன், ஒரு வண்டி என்றே சொன்னேன். குலத்தின் மீசை ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"ஒரு வண்டிதானோ?"

"ஒண்ணுதான்."

"முந்தியெண்டால் மூண்டு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் துடைக்கப் போய்விட்டார்.

13 மார்ச், வெள்ளி

ரோஸ்மேரிக்கு ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம், வெள்ளி இறைச்சி கிடையாது. நானும் சாப்பிடவில்லை. சர்ச்சுக்காக என்று அவளிடம் சொன்னேன். அவள் இங்கே வந்து படித்தால் தெரிந்துகொள்ளட்டும். சர்ச்சுக்காக இல்லை.

27 மார்ச், வெள்ளி

கரண்ட் வந்துவிட்டது. மெசின் புஸ் புஸ் என்று மூச்சு விட்டது. நான் காலையிலேயே அடுப்பைக் கழற்றிச் சிலிண்டரை வாசலுக்கு நகர்த்தினேன். குலம் பார்த்தார். சிலிண்டரைத் தூக்கிக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தார்.

மத்தியானம் கூட்டம். கம்பி தோண்டுகிறவர்கள் வேலை முடிந்து சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார்கள். ஆபீஸ் உடுப்பில் ஒரு பெண், நான் ஊற்றுவதைப் பார்த்து எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள். எனக்கு முன்னால் குலம் இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டார். மிஸ்டர் மூர்த்தி தாய்லாந்தில் முப்பது வருடம் இருந்தவர், அந்தக் கரையில் இவரை அறியாத கடையே இல்லை, ஒரு கடையில் இவருக்கென்று தனி நாற்காலி, மெத்தை போட்டது. என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருபது பேர் இருக்கும். எண்ணவில்லை, பதினொன்று இருக்கலாம்.

"டென் டேஸ்" என்றேன். "த்ரீ டேஸ் வாஷிங் கப்ஸ்."

அந்தப் பெண் சிரித்தாள். ரொம்ப அடக்கமான மனிதர் என்று பக்கத்திலிருப்பவளிடம் சொன்னாள். ஐம்பத்துநாலு வயதில் முதல் தடவையாக உண்மை பேசினேன், ஒருத்தி நம்பவில்லை.

கூட்டம் குறைந்ததும் உட்கார்ந்தேன். கை வலித்தது. குலம் பின்பக்கம் போய், ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இராசமலர் சுட்ட உளுந்து வடை, நான்கு. நான் கேட்கவில்லை.

தட்டைப் பார்த்தேன். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"தொட்டாதான் காசா குலம்?"

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தொடுங்கோ அண்ணை" என்றார்.